பேட்டரி போச்சா, சார்ஜர் போச்சா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"அண்ணாச்சி, பேட்டரி அவுட்டு. புதுசு மாத்திருங்க."

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீட்டுக்காரர், அச்சகக்காரர், லாரி உரிமையாளர் எல்லாரும் கேட்டுப் பழகிய தீர்ப்பு இது. தீர்ப்புச் சொல்பவர் பல நேரம் மீட்டரைப் பையிலிருந்து எடுத்தே இருக்க மாட்டார். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார், இரண்டு வயரை உரசிப் பொறி பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் கைமாறும். ஒன்றரை வருடத்தில் புது பேட்டரியும் அதே மாதிரி படுத்துவிடும். கோளாறு முதலிலிருந்தே சார்ஜரில் இருந்திருக்கும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே பூத்துப்போன ஒரு கிளாம்பில் இருந்திருக்கும்.

2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில்தான் நம் பக்கத்தில் இன்வெர்ட்டர் சாதாரண வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. இரவும் பகலும் மணிக்கணக்கில் கரண்ட் நின்ற நாட்களில் அவசரமாக வாங்கியவர்கள், கடையில் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார்கள். அப்போது காதில் விழுந்த அரைகுறைச் செய்திகள் இன்னும் உலவுகின்றன. சில காசை வீணாக்குபவை. ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைப்பவை. ஆபத்தானதிலிருந்து தொடங்குகிறேன்.

நம்பிக்கை: வயரை உரசிப் பார்க்கணும். பொறி பறந்தா பேட்டரி நல்லா இருக்கு.

பொறி எதையும் நிரூபிக்காது. முக்கால்வாசி காலியான பேட்டரியும் பளிச்சென்று பொறி காட்டும். ஒரு செல் செத்த பேட்டரியும் காட்டும். ஆனால் அந்தப் பொறி வேறொரு காரியத்தைச் செய்யக்கூடும். லெட் ஆசிட் பேட்டரியில் சார்ஜ் நிறையும் கட்டத்தில், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். மூடியைத் திறந்தால் நுரைத்துக் குமிழி வருகிறதே, அது இந்த வாயுக்கள்தான். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். 75 சதவீதம் வரை அந்த ஆபத்து இருக்கும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஐம்பதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கும் பொறியில் அதைவிட அதிகம் இருக்கும்.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பொறியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்குவதற்காக, மருந்து அறைக்குள் போகும் முன் வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொடுகிறார்கள். உள்ளே இரும்புக் கருவி கூடாது, பித்தளையோ மரமோதான். செருப்பு வெளியே, பருத்தித் துணிதான் உடம்பில். இத்தனை ஒழுங்கு தெரிந்த ஊரில், மாடிப்படிக்கு அடியில் பலகை அடித்து அடைத்த பொந்துக்குள் பேட்டரியை வைத்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் தலைமேல் இரும்பு ஸ்பேனரை வைத்துத் திருகுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே பயத்தைத் தருகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். சார்ஜ் நிறைந்த பிறகும் ஏறுகிற ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல் கிட்டத்தட்ட 0.4 லிட்டர் ஹைட்ரஜன் விடும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், ஆக 2.5 லிட்டர். ஃபுல் ஆன பிறகும் 2 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தால் நாலு மணி நேரத்தில் 20 லிட்டர். காற்றே போகாத 500 லிட்டர் அலமாரியில் அது சரியாக 4 சதவீதம். வாயு கசிந்து வெளியேறிவிடுவதால்தான் பெரும்பாலான வீடுகள் தப்பிக்கின்றன.

ஹைட்ரஜன் மேலே போகும். அதனால் பேட்டரி இருக்கும் இடத்தின் உச்சியில் ஒரு திறப்பும், காற்று உள்ளே வரக் கீழே ஒரு திறப்பும் வேண்டும். கழற்றும் முன் சார்ஜரை ஆஃப் செய்யுங்கள். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கட்டும். கண்ணில் ஆசிட் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. பட்டாசுச் சரக்கு வைத்திருக்கும் கடையிலோ குடோனிலோ அதே அறைக்குள் பேட்டரி, சார்ஜர் எதுவுமே கூடாது.

நம்பிக்கை: பச்சை விளக்கு வந்திருச்சு, ஃபுல் சார்ஜ்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. அது பார்ப்பது வோல்டேஜை மட்டும்தான். நல்ல பேட்டரி மெதுவாக சார்ஜை வாங்கிக்கொண்டு, பல மணி நேரம் கழித்து 14.4 வோல்ட்டைத் தொடும். நாள்கணக்கில் பாதிச் சார்ஜில் கிடந்த பேட்டரியிலோ தகடுகள் மேல் லெட் சல்பேட் கெட்டியாகப் படிந்திருக்கும். அது மின்சாரத்தை உள்ளே விடாது. வோல்டேஜ் மட்டும் சட்டென்று ஏறிவிடும். சார்ஜர் "வேலை முடிந்தது" என்று எண்ணிப் பச்சையைக் காட்டிவிடும். ஒரு மணி நேரத்தில் பச்சை, கரண்ட் போனதும் பத்து நிமிடத்தில் பீப் சத்தம் என்றால், படிவைச் சந்தேகிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இருநூறு முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹைட்ரோமீட்டர் போதும். சார்ஜ் போட்டு முடித்து, சில மணி நேரம் பேட்டரியைச் சும்மா விடுங்கள். ரப்பர் குமிழை அமுக்கி, நுனியை முதல் செல்லுக்குள் விட்டு, பிடியை மெல்லத் தளர்த்துங்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிட் ஏறும், உள்ளே இருக்கும் மிதவை ஆடி ஆடி எழும்பும். மிதவை காட்டும் ஆசிட்டின் அடர்த்தியைக் கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள். பட்டறையில் அதை "கிராவிட்டி 1240 நிக்குது" என்று சொல்வார்கள். நிறைந்த இன்வெர்ட்டர் பேட்டரி அந்த அளவை ஒட்டி நிற்கும். காலியானது 1150க்குக் கீழே இறங்கிவிடும்.

ஆறு செல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். 1235, 1240, 1235, 1120, 1240, 1235 என்று வந்தால் நாலாவது செல் போய்விட்டது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். ஆறுமே ஒன்றாக 1180ல் நின்றால் கதை வேறு. எல்லாச் செல்லும் ஒரே நாளில் ஒரே அளவுக்குக் கெடுவது அபூர்வம். அவற்றுக்குச் சாப்பாடு போதவில்லை. சார்ஜரையும் வயரையும் பாருங்கள். ஒழுங்கான சார்ஜரில் ஒருநாள் முழுக்கப் போட்டும் எண் அசையவில்லை என்றால், படிவு முற்றிவிட்டது என்று முடிவுக்கு வரலாம். "பேட்டரி அவுட்டு" என்று யாராவது சொன்னால், "ஆறு செல்லுக்கும் ரீடிங் எடுத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அது நம் உரிமை.

மூடி இல்லாத சீல்டு பேட்டரிக்கு மல்டிமீட்டர்தான். ஓய்விலிருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் நிறைவு. 12.2 பாதி. 12க்குக் கீழே என்றால் அடிமட்டம். முழுக்கச் சார்ஜ் போட்டு ஓய்வில் விட்டும் 10.5ஐ ஒட்டியே நின்றால், ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு செல்லின் பங்கான 2.1 வோல்ட் கழிந்து நிற்கிறது.

நம்பிக்கை: சார்ஜர்ல விளக்கே எரியல. சார்ஜர் காலி.

அவசரப்படாதீர்கள். இப்போது வரும் எலக்ட்ரானிக் சார்ஜர்கள் பல, எதிரில் பேட்டரி இருக்கிறதா, நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்கும். அடியோடு இறங்கிப்போன பேட்டரி அவற்றின் கண்ணுக்கே தெரியாது. நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு பேட்டரியில் மாட்டினால் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஃப்யூஸ்.

சார்ஜர் ஓடும்போது மீட்டர் முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைத்து அளக்க வேண்டும். 13.8லிருந்து 14.4 வரை சரி. மணிக்கணக்காகியும் 12.5ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜர் கொடுக்கவில்லை, அல்லது பேட்டரி விழுங்கிக்கொண்டே இருக்கிறது. 15ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வேகமாக வற்றுவதும் அழுகிய முட்டை நாற்றமும் அதன் அடையாளங்கள். சார்ஜர் முனையில் 14.2, பேட்டரியில் 13.4 என்று வித்தியாசம் வந்தால், காணாமல் போன 0.8 வோல்ட் நடுவழியில் வெப்பமாகிறது. கிளாம்பைத் தொட்டால் சுடும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய பிரஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, இறுக்கி, அதற்குப் பிறகு வாசலின் தடவுங்கள். செல் மூடிகள் எல்லாம் இறுகியிருக்கட்டும். சோடாத் தண்ணீர் உள்ளே இறங்கினால் ஆசிட் கெட்டுவிடும். நூறு ரூபாய்கூடச் செலவாகாத இந்த வேலையில் எழுந்து நின்ற 'செத்த' பேட்டரிகள் எத்தனையோ.

நம்பிக்கை: வீக் ஆயிருச்சு, கொஞ்சம் ஆசிட் ஊத்தினா ஏறிரும்.

இல்லை. பேட்டரியிலிருந்து ஆவியாவதும் பிரிவதும் தண்ணீர் மட்டுமே. ஆசிட் உள்ளேயே இருக்கிறது. சார்ஜ் இறங்கும்போது தகட்டோடு சேர்கிறது, ஏறும்போது திரும்பி வருகிறது. மேற்கொண்டு ஊற்றினால் ஹைட்ரோமீட்டரில் எண் அழகாக ஏறும், தகடு அரிக்கும். பேட்டரி சாய்ந்து ஆசிட் கொட்டிப்போன சந்தர்ப்பத்தில் மட்டும், அதே அடர்த்தியில் கலந்து ஊற்றலாம்.

தண்ணீர் என்றாலும் எந்தத் தண்ணீர்? நம் மாவட்டத்து போர் தண்ணீர் கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அந்த உப்பு தகட்டையும் விடாது. குளோரைடு தகட்டை அரிக்கும். இரும்புச் சத்து, பேட்டரியைச் சும்மா இருக்கும்போதே இறங்கவைக்கும். ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் உப்பு மிச்சமிருக்கிறது. மழைநீரும் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் தூசி, உலோகத் துகள்களோடு வருபவை. டிஸ்டில்டு வாட்டர் கேன் அப்படி ஒன்றும் விலை அதிகமில்லை. சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுங்கள், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். முன்பே நிறைத்தால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் வரை முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம்.

இந்த விஷயமெல்லாம் எங்கோ வெளிநாட்டில் ஆராயப்படுவதாக நினைக்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரி ஆய்வுக்கென்று நாடறிந்த இடம், இங்கிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. அதன் பக்கத்து மாவட்டத்தில் இன்னும் ஆஸ்பிரின் மாத்திரையைப் போட்டு பேட்டரியை எழுப்பப் பார்க்கிறார்கள். ஆஸ்பிரின் உள்ளே போனதும் உடைந்து அசிட்டிக் ஆசிட்டைத் தரும். அது பாசிட்டிவ் தகட்டைத் தின்னும்.

நம்பிக்கை: அப்பப்ப முழுசா இறக்கிட்டு ஏத்தினாத்தான் ஆயுள் கூடும்.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன ஆலோசனை இது. லெட் ஆசிட் பேட்டரிக்கு நேர் எதிர். எவ்வளவு ஆழமாக இறக்குகிறோமோ அவ்வளவு ஆயுள் குறையும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் படிவு முற்றும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் நின்ற கரண்ட் மாலையில்தான் வரும். அன்று முழுக்க ஃபேனும் டிவியும் ஓட்டிக் காலி செய்த 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு, 15 ஆம்பியர் சார்ஜரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும். அன்றிரவே மறுபடி கரண்ட் போய், "அரை மணி நேரம்கூட நிக்கல" என்று பேட்டரியைத் திட்டுவது நியாயமில்லை.

150 ஏஎச் என்ற எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். அது 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைக்கும் அளவு, அதாவது 7.5 ஆம்பியர், ஏறத்தாழ 90 வாட். 600 வாட் சுமையை ஏற்றினால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம்.

நம்பிக்கை: தரையில வச்சா பேட்டரி இறங்கிரும்.

மரப்பெட்டியிலும் பழைய ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்து நம்பிக்கை இது. ஈரமும் ஆசிட்டும் ஊறி அன்றைக்குக் கசிவு இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு சிமெண்ட் தரையால் ஒன்றும் ஆகாது. நம் ஊரில் பயப்பட வேண்டியது தகரக் கூரையின் வெப்பத்துக்குத்தான். சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சார்ஜ் வோல்டேஜையும் வெப்பத்துக்கேற்ப, ஒரு டிகிரிக்குச் சுமார் 20 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 25 டிகிரியில் 14.4 என்றால் 40 டிகிரியில் 14.1 போதும். நல்ல சார்ஜர்கள் இதைத் தாங்களே செய்யும். வாங்கும்போது கேளுங்கள்.

நம்பிக்கை: ரெண்டுல ஒண்ணுதான் போச்சு, அதை மட்டும் மாத்துவோம்.

சிவகாசிச் சரக்கை வடக்கே கொண்டுபோகும் லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. இரண்டு பேட்டரி கேட்கும் பெரிய இன்வெர்ட்டர்களும் அப்படியே. தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். புதியதும் கிழடும் சேர்ந்தால் சார்ஜர் மொத்தம் 28.8 வோல்ட்டை மட்டுமே பார்க்கும். அதற்குள் ஒன்று 15ஐத் தாண்டிக் கொதிக்கும், மற்றது 14ஐத் தொடாமல் பசியோடு கிடக்கும். சில மாதத்தில் இரண்டும் போகும். வாங்கி அதிக நாளாகாத ஜோடியில் ஒன்று பழுதானால் மட்டும், அதே வகை, அதே ஏஎச் பார்த்து ஒன்றை மாற்றலாம்.

இன்னொன்று: ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி, "எஞ்சின் நிக்கல, ஆல்டர்னேட்டர் ஓகே" என்று சொல்வது. டைனமோ காலத்து வித்தை அது. இன்றைய ஆல்டர்னேட்டரில் பேட்டரியைப் பிரித்த கணம் வோல்டேஜ் எகிறி, டையோடையும் மற்ற எலக்ட்ரானிக்ஸையும் எரித்துவிடக்கூடும். மீட்டரை வைத்தால் வேலை முடிந்தது.

கடல் இல்லாத மாவட்டம் நம்முடையது. ஆனால் வைப்பாறு நம் ஊர்களைத் தாண்டிப் போய்த் தூத்துக்குடிக்கு வடக்கே கடலில் கலக்கிறது. அந்தக் கரையில் படகு வைத்திருப்பவர்களும் இதே பேட்டரியோடுதான் போராடுகிறார்கள். "உப்புக் காத்து, அதான் பேட்டரி நிக்க மாட்டேங்குது" என்பது அங்கே கேட்கும் பேச்சு. உப்பு முதலில் தின்பது வயரைத்தான். ரப்பர் உறைக்குள் செம்பு கறுத்துப் பொடியாகிக் கிடக்கும், வெளியே பளபளப்பாகத் தெரியும். ஈயம் பூசிய செம்புக் கம்பி போட்ட படகில் இந்தத் தொல்லை குறைவு. அடுத்தது, எஞ்சினைச் செல்ஃபில் எடுக்க வைத்திருக்கும் பேட்டரியிலேயே இரவு முழுக்க விளக்கு, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப் எல்லாம் ஓட்டுவது. ஸ்டார்ட்டிங் பேட்டரியின் தகடு மெல்லியது. ஒரு நொடி பலமாகத் தள்ளத்தான் ஆகும், விடிய விடிய இறங்கத் தாங்காது. விளக்குக்குத் தனியாக டியூபுலர் மாதிரி ஆழமாக இறங்கக்கூடிய பேட்டரி வைத்தால், நடுக்கடலில் எஞ்சின் எடுக்காமல் நிற்கும் நிலை வராது. அடித்தளத்தில் தேங்கும் கடல்நீர் பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும். அதனால் பேட்டரிப் பெட்டியை உயரத்தில் கட்டுங்கள்.

நம்பிக்கை: செத்த பேட்டரி பழைய இரும்பு மாதிரிதான், எடைக்குப் போட்டுரலாம்.

அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். எடைக்கு வாங்குபவர் ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்து, பெட்டியை உடைத்து, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கினால், அந்தப் புகையும் தூசியும் முதலில் அடிப்பது சுற்றி விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை. பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001லேயே மத்திய அரசு விதி போட்டது. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் விலையைக் கழித்து, பில்லில் எழுதி வாங்குங்கள். ஆசிட்டோடு, நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோங்கள். "ஆசிட்டைக் கொட்டிட்டு வாங்க" என்று சொல்லும் கடையில் கொடுக்க வேண்டாம்.